பயோமேக்னிஃபிகேஷன்: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

கோரையாறு எழுதியது:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு ஒரு சுவர்ப்படம் தயாராகிறது. திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். படம் நம்மூர் வடிகால்தான். பாசி, அதைத் தின்னும் நீர்ப்பூச்சி, பூச்சியைத் தின்னும் கெண்டைக்குஞ்சு, குஞ்சை விழுங்கும் விரால், விராலைக் கொத்தும் நீர்க்காகம். படிக்குப் படி டி.டி.டி. என்ற பழைய பூச்சிமருந்து கூடுவதைச் சிவப்புப் புள்ளிகளால் காட்டியிருக்கிறோம். தலைப்புதான் இடிக்கிறது. பயோஅக்யூமுலேஷன் (நஞ்சு ஒரே உயிருக்குள் சேர்வது), பயோமேக்னிஃபிகேஷன் (உணவுப்படி ஏற ஏற அது கூடுவது) இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். "உயிரியல் உருப்பெருக்கம்" என்றால் பிள்ளைகளுக்கு நுண்ணோக்கி நினைவுக்கு வருகிறது. "உயிரிப் பெருக்கம்" என்று கேட்டால் கொசு பெருகிவிட்டது என்று விடை எழுதுகிறார்கள்.

வெண்ணாற்றான் எழுதியது:
பெருக்கம் வேண்டவே வேண்டாம் அம்மா. ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி கலக்கிற ஊர் இது. அந்தச் சொல்லை விஷத்துக்குத் தாரைவார்க்க மனம் வரவில்லை. "செறிவேற்றம்" போடுங்கள். கான்சென்ட்ரேஷனுக்குச் செறிவு என்பது நிலைத்துவிட்டது.

ஐயாற்றுப் புலவர் எழுதியது:
செறிவு என்றால் வள்ளுவருக்கு அடக்கம். "செறிவறிந்து சீர்மை பயக்கும்" (123) என்பதைக் குழு மறந்துவிடக் கூடாது. அடக்கம் ஏறினால் நல்லதுதானே!

நான் முன்மொழிவது "நச்சீட்டம்". ஈட்டம் என்பது சேர்த்துச் சேர்த்து வைப்பது. "ஈட்டம் இவறி இசைவேண்டா ஆடவர்" (1003) என்று நன்றியில்செல்வத்தில் வருகிறது. அதே அதிகாரத்தில் "நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று" (1008). முதல் நச்சு விருப்பம், இரண்டாம் நச்சு விடம். யாருக்கும் பயன்படாமல் உடம்பில் குவியும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் உண்டா? புணர்ச்சியும் தெளிவு: இரும்பு இருப்புப்பாதையாகிறது, மருந்து மருத்துப்பையாகிறது, நஞ்சு நச்சாகிறது. "நஞ்சீட்டம்" என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

கோரையாறு எழுதியது:
ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பதினோராம் வகுப்பில் போய் "நச்சு" என்றால் கடைசி பெஞ்ச் "நச்சுன்னு இருக்கு டீச்சர்" என்கிறது. என்னால் சமாளிக்க முடியாது.

அலையாத்தி (முத்துப்பேட்டை) எழுதியது:
சொல் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இங்கே இருப்பது மூன்று. தண்ணீரில் கரைந்திருப்பது செவுள் வழியாக மீனுக்குள் போய்த் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுவது பயோகான்சென்ட்ரேஷன். தண்ணீர், சேறு, இரை என்று எல்லா வழியாகவும் உள்ளே வந்து, கழிவதைவிட அதிகமாகத் தங்கி, ஒரே உயிரின் வாழ்நாளில் சேர்வது பயோஅக்யூமுலேஷன். தின்னப்பட்டதிலிருந்து தின்றதற்குப் போகப் போகப் படிதோறும் அளவு உயர்வதுதான் மேக்னிஃபிகேஷன். நடுவில் உள்ளது நடந்து கடைசியில் உள்ளது நடக்காமலும் போகும். காரீயம் சிப்பியிலும் நத்தையிலும் சேரும். மேல்படிக்குப் போகப் போகப் பொதுவாகக் குறையும். ஈட்டம், திரட்சி, குவிவு எல்லாம் நடுவில் உள்ளதற்குத்தான் பொருந்தும். புலவர் ஐயாவின் சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

படத்துக்கு எண் வேண்டுமென்றால் கலிபோர்னியாவின் கிளியர் ஏரியைப் போடுங்கள். கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு சிற்றீயை ஒழிக்க 1949, 1954, 1957 ஆண்டுகளில் டி.டி.டி.யின் உடன்பிறப்பான டி.டி.டி.யைத் தெளித்தார்கள். தண்ணீரில் பத்து லட்சத்தில் 0.02 பங்கு. அந்த ஏரியில் செத்து மிதந்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்கு. 80,000 மடங்கு.

வெண்ணாற்றான் எழுதியது:
தம்பி, டி.டி.டி.யின் உடன்பிறப்பு டி.டி.டி.யா? இரட்டைப் பிள்ளையா?

அலையாத்தி எழுதியது:
ஆமாம் அண்ணே, தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. முதலாவதில் கடைசி "டி" ட்ரை, அதாவது மூன்று; இரண்டாவதில் டை, அதாவது இரண்டு. குளோரின் ஒன்று குறைவு. நல்லவேளை, உடைந்து உண்டாகும் மூன்றாவது டி.டி.ஈ. அதுதான் பறவைகளின் முட்டையோட்டில் சுண்ணம் படிவதைத் தடுத்து, அடைகாக்கும்போதே நொறுங்க வைத்தது.

ஐயாற்றுப் புலவர் எழுதியது:
வேற்றெழுத்துக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான் முடியும். முதலில் அதற்குப் பெயர் வைப்போம். முக்குளோரம், இருகுளோரம்...

(இதற்குக் கீழே கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்று நீண்ட மடல்கள் ஓடின. அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே நஞ்சை மட்டும் பேசுங்கள். – மட்டுறுத்துநர்)

நீடாமங்கலத்தான் எழுதியது:
மட்டுறுத்துநர் "நஞ்சை மட்டும் பேசுங்கள்" என்றதும் வயலைப் பற்றித்தான் பேசச் சொல்கிறார் என்று உள்ளே வந்தேன். குறுவை நடவு முடிந்து கை சும்மா இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம். எங்கப்பா காலத்தில் டி.டி.டி. தூவினார்கள், இப்போது கிடையாது. நாங்கள் மணலில் கலந்து வீசுகிற குருணை மருந்தும், இலை சுருட்டுப்புழுவுக்கு முன்பு அடித்துவந்த மோனோகுரோட்டோபாஸும் இதேபோல விராலுக்கு ஏறி, நீர்க்காகத்துக்கு ஏறுமா? மருந்து போட்ட வயலில் மடைவாயில் நத்தையும் நண்டும் செத்து ஒதுங்குவதையும், கொக்கு அங்கேயே நின்று பொறுக்குவதையும் பார்க்கிறேன்.

அலையாத்தி எழுதியது:
ஏறாது அண்ணே. மோனோகுரோட்டோபாஸ் தண்ணீரில் கரையும், கொழுப்பில் தங்காது, சீக்கிரம் சிதையும். குருணையும் படிப்படியாக ஏறுகிற வகை இல்லை. அதனால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இவை நரம்பைத் தாக்கி அப்போதே கொல்பவை. கொக்கு தின்றது குருணை பட்ட நண்டு என்றால் அன்றைக்கே சுருண்டுவிடும். டி.டி.டி.க்கு நம் நாட்டில் 1989-லேயே விவசாயத் தடை வந்துவிட்டது. கொசு ஒழிப்புக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். ஆனால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எண்டோசல்ஃபானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

வெண்ணாற்றான் எழுதியது:
சொல் கிடைத்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. நீடாமங்கலத்தார் "ஏறுமா" என்று கேட்டார், தம்பி "ஏறாது" என்றார். இருவருக்கும் அகராதி தேவைப்படவில்லை. வேதாரண்யம் பக்கம் "நிலத்தில் உப்பு ஏறிடுச்சு" என்பார்கள். சுனாமிக்குப் பிறகு நாகை முழுக்க அந்தப் பேச்சுதான். மெல்ல, கண்ணுக்குத் தெரியாமல், திரும்பாமல் உயர்வதற்கு நம் ஊரில் வினை ஏறுவதுதான். "நஞ்சேற்றம்" என்று வைத்தால் நஞ்சு ஏறும், ஏறாது, ஏறிய மீன், ஏறாத மருந்து என்று எப்படியும் மடக்கலாம். "உருப்பெருக்கம்" இப்படி மடங்குமா?

நீடாமங்கலத்தான் எழுதியது:
நஞ்சேற்றம் என்றால் எனக்குப் பாம்புக்கடிதான் முதலில் வரும். அடுத்தது ஏற்றம் இறைக்கிறது. ஆனால் சொல்ல வருகிறது. போடுங்கள் டீச்சர்.

ஐயாற்றுப் புலவர் எழுதியது:
நச்சேற்றம். மீண்டும் சொல்கிறேன், நச்சேற்றம். நஞ்சையேற்றம் என்று காதில் விழுந்தால் நெல் கொள்முதல் நிலையத்துக்கு லாரி ஏற்றுவதாக நினைப்பார்கள்.

அலையாத்தி எழுதியது:
"படியேற்றம்" என்றால்? படி உணவுப்படியும் ஆகும்.

வெண்ணாற்றான் எழுதியது:
சபரிமலைக்குப் போகிற மாதிரி இருக்கிறது தம்பி.

கோரையாறு எழுதியது:
அனைவருக்கும் நன்றி. அச்சகத்தில் இரண்டு தடவை போன் வந்துவிட்டது. கைதூக்கியவர்களில் பெரும்பாலோர் பக்கம் நின்று, தலைப்பில் "நஞ்சேற்றம்", கீழே சின்ன எழுத்தில் "ஒரே உயிருக்குள் சேர்வது: நஞ்சுத் திரட்சி" என்று கொடுத்துவிட்டேன். ஈட்டத்தை விட்டதற்குப் புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். அடிக்குறிப்பில் "கொழுப்பில் தங்கும் நஞ்சே மேலேறும்" என்று போட்டிருக்கிறேன்.

அலையாத்தி எழுதியது:
டீச்சர், அடிக்குறிப்பில் "பெரும்பாலும்" சேர்க்க முடியுமா? ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியே மனிதர்களுக்கு ஏறிய மெதில் பாதரசம் கொழுப்பில் தங்குவதில்லை. தசைப் புரதத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். விராலின் கொழுப்பைக் கழித்துவிட்டால் போதும் என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிடக் கூடாது.

கோரையாறு எழுதியது:
அச்சுத் தகடு போட்டாயிற்றாம். கேட்டுப் பார்க்கிறேன்.

ஐயாற்றுப் புலவர் எழுதியது:
தகட்டை நிறுத்த முடியுமென்றால் ஒரு ஞ்-ஐயும் ச் ஆக்கச் சொல்லுங்கள் அம்மா.