புதுப்பிப்பு: கிளவுட் ஆப் அப்டேட்டுக்குப் பின் என்விடிஏ கோப்புப் பெயர் வாசிக்காத சிக்கல்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கிளவுட் சேமிப்பு ஆப்பை அப்டேட் செய்ததிலிருந்து அதன் விண்டோவில் என்விடிஏ (திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருள்) "பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொல்கிறது எனக் கேட்டிருந்தேன்.

ஆப்பை நீக்கி மறுபடி நிறுவியதில் பலனில்லை. என்விடிஏவின் பிரௌஸ் மோடுக்கு (வலைப்பக்கத்தை அம்புக்குறிகளால் வரிவரியாகப் படிக்கும் முறைக்கு) மாறச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. புது விண்டோ வலைப்பக்கம் போல இயங்குகிறது. இன்செர்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தியதும் கீழ் அம்புக்குறியில் பெயர்கள் வரிசையாக வந்தன.

எதிர்பாராத நல்லது ஒன்று: கோப்பு சிங்க் ஆகிவிட்டதா (கணினியிலும் கிளவுடிலும் ஒன்றுபோல் ஆகிவிட்டதா) என்று பார்க்க அந்த ஆப்பே வேண்டாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் டீடெய்ல்ஸ் வியூவில் ஸ்டேட்டஸ் பத்தியை என்விடிஏ தெளிவாகப் படிக்கிறது.

பகிர்வு பட்டனுக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை. இப்போதைக்கு கோப்பின் மேல் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி, மெனு வழியாகப் பகிர்கிறேன். பெயரில்லாத பட்டன் எங்களுக்குப் பூட்டிய கதவு. நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.