மழையில் சைக்கிள், இராமநாதபுரம் கடலோரம்: எந்த ஜாக்கெட் உங்களுக்குக் கைகொடுத்தது?

உச்சிப்புளி வாத்தியார்:

வாடைக்காற்று திரும்பிவிட்டது. நம் மாவட்டத்துக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழை. இந்த இரண்டு மாதத்தில் சைக்கிளை வீட்டில் சாத்திவைக்க மனமில்லாதவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். ஜாக்கெட் பற்றி வீடியோக்களில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் குளிர் ஊர்களுக்கானது. நம் புழுக்கத்துக்கு அது அப்படியே செல்லாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் உச்சிப்புளியிலிருந்து மண்டபம் பக்கம் பள்ளிக்குப் போகிறவன். என்னிடம் இருக்கும் ஜாக்கெட்டின் விவரச் சீட்டில் 10,000 மி.மீ. என்று போட்டிருக்கிறது. துணியின் மேல் தண்ணீரை உயர்த்திக்கொண்டே போய், எவ்வளவு உயரத்தில் கசிகிறது என்று பார்த்து எழுதும் எண் அது. 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் துணி. நம்மூர் அடைமழைக்குத் தாராளம். உண்மையிலேயே அந்தத் துணி வழியாக ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலில் கழற்றும்போது சட்டை பிழியும் அளவுக்கு ஈரம். எல்லாம் வேர்வை.

அதே சீட்டில் இன்னொரு எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஈரத்தை வெளியே விடும் என்ற கணக்கு. 20,000 என்று போட்டால்கூட மணிக்கு 830 கிராம் சொச்சம்தான், அதுவும் சோதனைக்கூடத்தில். வெக்கையில் அழுத்தி மிதிப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை சாதாரணம். தவிர, ஈரம் வெளியேற வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் நீராவியின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். 8 டிகிரி குளிரில் அந்த வித்தியாசம் பெரிது. நம் ஊரில் மழை நேரத்திலும் 25, 26 டிகிரி, காற்று முழுக்க ஈரம். வித்தியாசம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. தண்ணீரைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடும் விலை உயர்ந்த சவ்வுத் துணிக்குக் கொடுக்கும் காசு இங்கே பாதி வேலைதான் செய்யும்.

அதனால் நான் பார்ப்பது அக்குளில் ஜிப் இருக்கிறதா, முதுகில் மடிப்புக்கு அடியில் காற்று வழி இருக்கிறதா, முன் ஜிப்பைக் கீழிருந்தும் திறக்க முடியுமா, இவ்வளவுதான். உடம்பை ஒட்டாமல் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும். உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம். சீக்கிரம் காயும் பாலியஸ்டர் பனியன் போட்டு, வேலைக்கான சட்டையைப் பையில் கொண்டுபோங்கள்.

தொண்டிக்காரன்:

வாத்தியார் சார் சொன்ன காற்று வழி சரிதான். ஆனால் எங்கள் பக்கம் கதை கொஞ்சம் வேறு. தேவிபட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வாருங்கள். வாடை நேரே நெஞ்சில் அடிக்கும். எங்கும் மறைப்பு கிடையாது, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பொட்டல். நனைந்த பனியனோடு அந்தக் காற்றில் மிதித்தால் 25 டிகிரியிலும் கூதல் எடுத்துப் பல் கிட்டும். எங்களுக்கு ஜாக்கெட் மழைக்கு என்பதைவிடக் காற்றுக்கு.

நான் போடுவது மெல்லிய, கைக்குள் சுருட்டக்கூடிய ஜாக்கெட். மழை கொஞ்சம் உள்ளே வரும், வரட்டும். நனைந்தாலும் காற்று தோலில் படாதவரை உடம்பு சூடாகவே இருக்கிறது. வாங்கும்போது முன் ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப் பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். எதிர்க்காற்று மழையில் முதலில் தண்ணீர் நுழைவது ஜிப் பல் வழியாகத்தான். கழுத்துப் பட்டை உயரமாக இருக்க வேண்டும். தொப்பி வைத்த ஜாக்கெட் என்றால் தொப்பியை ஹெல்மெட்டுக்கு உள்ளே போடுங்கள். மேலே போட்டால் தலை திருப்பும்போது தொப்பி திரும்பாமல் நின்றுகொள்ளும், பின்னால் வரும் லாரி தெரியாது.

இன்னொன்று. கடையில் போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நிற்காதீர்கள். ஹேண்டில் பிடிக்கிற மாதிரி குனிந்து, கையை முன்னே நீட்டுங்கள். கை மணிக்கட்டுக்கு மேல் ஏறினாலோ முதுகு இடுப்புக்கு மேல் ஏறினாலோ அது நடப்பவர்களுக்கான ஜாக்கெட்.

கீழக்கரை காக்கா:

தம்பிகளா, நான் கடைச் சரக்கு கேரியரில் கட்டி ஏர்வாடி, சிக்கல் பக்கம் போகிற ஆள். எங்களுக்குப் போகையில் வாடை முதுகில். சைக்கிள் தானாக ஓடும், ஆனால் காற்றும் நாமும் ஒரே வேகத்தில் போவதால் உடம்பில் காற்றே படாது. ஜாக்கெட்டுக்குள் இட்லிச் சட்டியில் உட்கார்ந்த மாதிரி. வாத்தியார் சொன்ன அக்குள் ஜிப்கூட அந்த நேரம் பிரயோசனமில்லை, உள்ளே நுழையக் காற்று வேண்டுமே.

அதனால் நான் ஜாக்கெட்டுக்குப் பதில் கேப்தான் போடுவேன், அதாவது கையில்லாமல் போர்வை மாதிரி விரியும் மழை அங்கி. தலைவழியாக மாட்டி, முன் பக்கத்தை ஹேண்டில் மேல் விரித்துவிட்டால் அடியிலிருந்து காற்று வரும், தொடையும் நனையாது. மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டின் பேன்ட் மட்டும் வேண்டாம். கால் பகுதி செயினில் மாட்டும், முழங்கால் மடக்கும்போதெல்லாம் இழுக்கும். கால் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். மட்கார்டு இல்லாத சைக்கிளுக்கு எந்த ஜாக்கெட்டும் பத்தாது, சக்கரம் வாரி அடிக்கும் சேறு முதுகில் ஏறும். முதலில் மட்கார்டு மாட்டிவிட்டு ஜாக்கெட்டுக்கு வாருங்கள்.

மண்டபம் நர்ஸ்:

காக்கா, நீங்கள் சொல்லும் கேப் தரைச் சாலைக்குச் சரி. பாம்பன் சாலைப் பாலத்தில் தயவுசெய்து யாரும் போடாதீர்கள். நான் வேலைக்காகப் பாலத்தைத் தாண்டுகிறவள். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் எனக்கு முன்னால் கேப் மாட்டிக்கொண்டு போனார். மண்டபத்திலிருந்து பாம்பன் போகும்போது வாடை இடது கைப் பக்கமிருந்து வரும். பாலத்தின் நடுவில் ஏறியதும் கேப் பாய் விரித்துவிட்டது. அவர் இடதுபுறம் சாய்ந்து சாய்ந்து பிடித்தும், சைக்கிள் வலதுபுறமாக, பஸ் போகும் பாதைக்கே நகர்ந்தது. கத்தினேன், மழையில் கேட்கவில்லை. பின்னால் வந்த வேன்காரர் நல்லவேளை வேகம் குறைத்துக்கொண்டார். இறங்கச் செய்து, கேப்பைக் கழற்றிச் சுருட்டி, இருவரும் கைப்பிடிச் சுவரோரமாக உருட்டிக்கொண்டே மிச்சப் பாலத்தைக் கடந்தோம். அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம் அது, ஒதுங்க ஓர் இடமில்லை.

பாலத்துக்கும் தனுஷ்கோடி சாலைக்கும் உடம்போடு நிற்கும் ஜாக்கெட்தான். இடுப்பில் இழுத்துக் கட்டும் கயிறு, மணிக்கட்டில் ஒட்டும் பட்டை இரண்டும் அவசியம். படபடக்கும் துணி எதுவும் ஆகாது. சுடிதார் போடும் அக்கா தங்கைகள் துப்பட்டாவை ஜாக்கெட்டுக்குள் முழுசாகச் சுருட்டி வைத்து ஜிப்பை ஏற்றுங்கள். பெண்கள் அளவில் வரும் சைக்கிள் ஜாக்கெட் நம் பக்கக் கடைகளில் அரிது. ஆண்கள் அளவில் சிறியதை எடுத்தால் இடுப்பில் பிடிக்கிறது, பெரியதை எடுத்தால் தோள் தொங்குகிறது. நான் பெரியதை எடுத்துத் தோளைப் பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

ஒன்று மனதார வேண்டிக்கொள்கிறேன். 2024 நவம்பர் 20 எல்லோருக்கும் நினைவிருக்கும். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்த ஜாக்கெட்டும் உதவாது, சாலையே தெரியாது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் சைக்கிளை எடுக்காதீர்கள்.

அரண்மனைப் பக்கத் தையல்காரர்:

ராமநாதபுரத்தில் தார்ப்பாய், பை, ரெயின்கோட் ரிப்பேர் செய்கிறேன். அக்கா சொன்ன மாதிரி தோள் பிடிக்கலாம், ஆனால் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. உட்புறத் தையலில் பட்டையாக ஒரு டேப் ஒட்டியிருக்கும், அதை மறுபடி சூடு வைத்து ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும். தைக்கக் கொடுக்கும்போதே டேப் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். புது ஜாக்கெட் வாங்கும்போதும் உள்ளே புரட்டிப் பாருங்கள். எல்லாத் தையலிலும் டேப் ஓடவில்லை என்றால் எந்த எண் போட்டிருந்தாலும் ஒழுகும்.

என்னிடம் வரும் கடலோர ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் இரண்டு நோயில் சாகின்றன. ஒன்று ஜிப். உலோக ஜிப் உப்புக்காற்றில் பச்சை பூத்து இறுகிவிடும். பிளாஸ்டிக் பல் ஜிப் உள்ளதாக எடுங்கள், இழுக்கும் முனையையும் கவனியுங்கள். இரண்டாவது, உட்பூச்சு உரிவது. பாலியூரிதேன் பூச்சு சூடும் ஈரமும் சேர்ந்தால் பிசுபிசுத்துப் பொடியாக உதிரும். ஈரத்தோடு பாலிதீன் பையில் சுருட்டித் தகர பீரோவில் வைத்தால் சீக்கிரம் போய்விடும். அப்படி உரிந்ததை என்னால் காப்பாற்ற முடியாது.

கடற்கரைச் சாலையில் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். துணிக்கு வாசனை போடும் திரவம் வேண்டவே வேண்டாம், சலவைப் பவுடரும் மிச்சமில்லாமல் அலச வேண்டும். மேலே மழைத்துளி உருண்டு ஓடாமல் துணி ஊறிக் கறுத்தால் மேற்பூச்சு தளர்ந்துவிட்டது என்று பொருள். நன்றாக அலசிக் காயவைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, விவரச் சீட்டில் அனுமதித்திருந்தால் லேசான சூட்டில் இஸ்திரி போடுங்கள். பல ஜாக்கெட்டுகளில் துளி மறுபடி உருளும்.

தேவிபட்டினம் மாணவன்:

வாத்தியார் சார், கல்லூரிக்குப் போக முதல் ஜாக்கெட் வாங்கப்போகிறேன். கறுப்பு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

உச்சிப்புளி வாத்தியார்:

வேண்டாம் தம்பி. கார்த்திகையில் மாலை ஐந்தரைக்கே வானம் இருட்டிவிடும், வண்டிக்காரர் கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சளோ ஆரஞ்சோ எடு. முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை இருக்கட்டும். காசு குறைவென்றால் பெரிய எண்ணை விட்டுக்கொடு. 5,000 போட்ட ஜாக்கெட்டே போதும், ஆனால் தையல் டேப்பும் அக்குள் ஜிப்பும் விட்டுக்கொடுக்காதே. பையைத் தோளில் மாட்டினால் பட்டை அழுத்தும் இடத்தில் கசிவு முதலில் வரும், புத்தகத்தைக் கேரியரில் கட்டிவிடு. நீ ராமநாதபுரம் வருகிற ஆள், வரும்போது வாடை முதுகில், திரும்பும்போது எதிரில். அதனால் கேப் வேண்டாம், தொண்டித் தம்பி சொன்ன மெல்லிய ரகமே உனக்குப் பொருந்தும். வாங்கியபின் ஜாக்கெட்டின் பின்வால் சைக்கிள் சீட்டைத் தாண்டித் தொங்குகிறதா பார். தொங்கினால் சீட்டுக்கு அடியில் இருக்கும் சிவப்பு விளக்கை மறைத்துவிடும். விளக்கைக் கழற்றிக் கேரியரின் பின்முனையில் மாட்டிக்கொள்.