மெல்ட் பிரஷர்: ‘குழம்பழுத்தம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிளாஸ்டிக்கை உருக்கி, டை என்ற அச்சின் வழியே தள்ளிக் குழாய் போன்றவற்றைச் செய்யும் எந்திரம் எக்ஸ்ட்ரூடர். அதில் உருகிய பிளாஸ்டிக்கின் அழுத்தமாக அளக்கும் மெல்ட் பிரஷருக்குத் தமிழில் ‘உருகுநிலை அழுத்தம்’ வேண்டாம். உருகுநிலை என்பது ஏற்கெனவே ஒரு வெப்பநிலையின் பெயர். ‘உருகழுத்தம்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வினைத்தொகையாகப் பிரித்தால் அழுத்தமே உருகுவதாகப் பொருள் வரும். எரிமலைக்குழம்பு, பாறைக்குழம்பு என்று எழுதிப் பழகிவிட்டோம். பேரல் என்ற உருளைக்குள் ஸ்க்ரூ சுழன்று தள்ள, உருகி நகரும் பிளாஸ்டிக்கும் குழம்புதான். அதனால் ‘குழம்பழுத்தம்’ என்பதே என் பரிந்துரை. சமையல் நினைவு வருமே என்றால், பேரலும் ஸ்க்ரூவும் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கும் குழப்பம் வராது.

அடுத்து, டைக்கு முன்னால் குழம்பை வடிகட்டும் மெஷ் (கம்பிவலை). அழுக்கு சேரச் சேர மெஷ்ஷுக்கு முன்னால் அழுத்தம் ஏறும், டைக்குப் போகும் குழம்பு குறையும். குழாய் ஓட்டும்போது இழுவை வேகம் மாறாமல் இருந்தால் சுவர் மெலிந்துவிடும். மெஷ்ஷின் இரண்டு பக்கமும் உணரி (சென்சார்) வைத்து வித்தியாசத்தைப் பார்த்தால் மெஷ்ஷை எப்போது மாற்றுவது என்று தெரிந்துவிடும். இவற்றை ‘முன்னழுத்தம்’, ‘பின்னழுத்தம்’ என்று சுருக்கக் கூடாது. ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கித் தள்ளும் பேக் பிரஷரைத்தான் பின்னழுத்தம் என்கிறோம். ‘மெஷ்முன் அழுத்தம்’, ‘மெஷ்பின் அழுத்தம்’ என்றே நீட்டி எழுதலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது கன்ட்ரோலர். எல்லாவற்றையும் ‘கட்டுப்பாட்டுக் கருவி’ என்று எழுதுவது ஆபத்து. அழுத்தத்தைக் காட்டி, வரம்பு தாண்டினால் மணியடிப்பது ஒரு கருவி: அது ‘அழுத்தங்காட்டி’. வைத்த அளவோடு ஒப்பிட்டு ஸ்க்ரூ வேகத்தைக் கூட்டிக் குறைப்பது இன்னொன்று: ‘அழுத்தச் சீராக்கி’. கியர் பம்ப் (பற்சக்கரங்களால் குழம்பைச் சீராகத் தள்ளும் பம்ப்) உள்ள இடத்தில் பம்புக்குள் நுழையும் அழுத்தத்தை நிலையாக வைத்திருப்பது இதன் வேலை. மூன்றாவது, எல்லை மீறினால் மோட்டாரையே நிறுத்துவது: ‘வரம்புத் துண்டிப்பான்’. டை சூடேறும் முன் ஸ்க்ரூவைச் சுற்றிவிட்டால் அழுத்தம் சட்டென்று எகிறும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. சீராக்கி பழுதானாலும் துண்டிப்பான் தனியே வேலை செய்ய வேண்டும். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், ஒன்று இருக்கிறதே, போதும் என்று ஆபரேட்டர் நினைத்துவிடுவார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. உணரியின் நுனியில், குழம்பு நேராகப் பட்டு அழுத்தத்தில் வளையும் மெல்லிய டயாஃபிரம் இருக்கிறதல்லவா? பாடநூல் வழக்கில் ‘சவ்வு’ என்று போடலாம், ஆனால் இது எஃகு. ‘மென்தகடு’ சரிவருமா? பட்டறையில் வேறு சொல் புழங்கினால் அதையும் எழுதுங்கள்.