வேலைக்கு நடுவுல கை அப்படியே நின்னுபோன நேரம்: உங்க அனுபவம் எது?

ஈரமண்

ரொம்ப நாளா மனசுல கிடக்குது. இங்கே இறக்கி வச்சிடறேன்.

பசு கன்னு போட்ட ராத்திரி. நாள் தள்ளிப்போயிருந்தது, நானும் அப்பாவும் மூணு ராத்திரியா மாத்தி மாத்தி முழிச்சிருந்தோம். விடிஞ்சா எனக்கு வெளியூர்ல நேர்காணல். கரண்டும் இல்லை. "இந்த மாட்டால என் வாழ்க்கையே போகுது"ன்னு அப்பா காதுபடவே சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. டார்ச்சை என் கையில கொடுத்துட்டு மாட்டுப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்தார்.

கொஞ்ச நேரத்துல கன்னு விழுந்தது. டார்ச் வெளிச்சத்துல அது உடம்புல இருந்து ஆவி பறந்துச்சு. பசு நக்குற சத்தம், அரத்தை வச்சு மரத்தைத் தேய்க்கிற மாதிரி. வேற சத்தமே இல்லை. கன்னு பின்னங்காலை ஊன்றி இடுப்பைத் தூக்கும், முன்னங்கால் மடங்கும், மூக்கு தரையில இடிக்கும். மறுபடியும் அதே. அரை மணி நேரத்துக்கு மேல இப்படியே போச்சு. நாலாவது தடவை விழுந்தப்போ பொறுக்க முடியாம பிடிக்கப் போனேன். அப்பா என் தோள்ல கை வச்சு நிறுத்தினார். அடுத்த தடவை அது நின்னுடுச்சு. நாலு காலையும் அகட்டி, ரெண்டு காதும் ஈரமாத் தொங்க, நடுங்கிக்கிட்டே நின்னுச்சு.

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. கொஞ்ச நேரம் முன்னாடி திட்டின வாய். அதால என்ன சொல்றது? அப்பாகிட்ட அந்த ராத்திரியைப் பத்தி நான் பேசினதே இல்லை. அவர் போய் மூணு வருஷம் ஆகுது. அவர் கை வச்ச இடம் இன்னும் தோள்ல தெரியுது.

உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும். எழுதுங்க.

தும்பி

அண்ணா, படிச்சிட்டு அழுதுட்டேன்.

என்னோடது சின்ன விஷயம். எல்லாத்தையும் விட்டுட்டு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்த வாரம். எதுக்கு வந்தேன்னு எழுத இஷ்டமில்லை. நாலாவது நாள் விடியக்காலையில அம்மா எழுப்பி, கையில அரிவாளைக் கொடுத்து, புல்லு அறுத்துட்டு வான்னு அனுப்பிட்டாங்க. கோபத்தோடதான் போனேன்.

வெயில் அப்பதான் தரைமட்டத்துல வருது. ஒவ்வொரு புல் நுனியிலயும் ஒரே ஒரு பனித்துளி. சரியா ஒண்ணு. தலையைக் கொஞ்சம் சாய்ச்சா ஒரு துளி சிவப்பாகுது, இன்னும் கொஞ்சம் சாய்ச்சா பச்சை, அப்புறம் நீலம். ஒரே துளிதான். நான் நகர்ந்தா அது நிறம் மாறுது. ஒரு கைப்பிடி புல்லைப் பிடிச்சவ அப்படியே விட்டுட்டேன். அறுக்க முடியல. அரிவாளை மடியில வச்சுக்கிட்டு வரப்புல உக்காந்திருந்தேன், அம்மா தேடிக்கிட்டு வர்ற வரைக்கும்.

வேர்க்கால்

தும்பி, அழகா எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க பார்த்தது பனித்துளி இல்லை.

பனிங்கிறது ராத்திரி காத்துல இருக்கிற ஈரம். வானம் தெளிவா, காத்து அசையாம இருக்கிற ராத்திரியில இலை குளிர்ந்துபோகும், அந்த ஈரம் இலை முழுக்கப் பொடிப்பொடியாப் படியும். புல்லைத் தடவினா கை முழுக்க நனையும். நுனியில மட்டும் ஒரே துளி, அதுவும் அளந்து வச்ச மாதிரி நின்னா, அது செடிக்குள்ள இருந்து வந்த தண்ணி. பகல்ல இலைத் துளைகள் வழியா நீராவி வெளியே போயிடும். ராத்திரி துளைகள் பெரும்பாலும் மூடிக்கும், ஆனா வேர் தண்ணியை உறிஞ்சுறதை நிறுத்தாது. மண்ணுல ஈரம் நல்லா இருந்தா அந்த அழுத்தத்துல தண்ணி மேல ஏறி, இலை நுனியில இருக்கிற நுண்ணிய வாய் வழியாத் துளியா வெளியே வரும். நீர்க்கசிவுன்னு தாவரவியல் பாடத்துல வரும். அது வெறும் தண்ணியும் இல்லை, உப்பும் சர்க்கரையும் கொஞ்சம் கலந்திருக்கும். காய்ஞ்சதும் சில சமயம் நுனியில வெள்ளைப் படிவு நிக்கறது அதனாலதான். அசல் பனியைப் பார்க்கணும்னா வேலியில இருக்கிற சிலந்தி வலையைப் பாருங்க, நூல் நூலா மணி கோத்திருக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னு உங்க நிழலோட தலையைப் பாருங்க. புல்வெளியில அதைச் சுத்தி ஒரு ஒளி தெரியும். அதுவும் பனியாலதான்.

என் அனுபவம்னா இது ஒண்ணுதான்: விதைச்சு பத்து நாள், சாயங்காலம் தண்ணி கட்டினேன். காலையில வந்து பார்த்தா எல்லாத் தளிர் நுனியிலயும் துளி. நேத்து நான் விட்ட தண்ணி, ராத்திரியோட ராத்திரியா மேல ஏறி வந்து நிக்குது. இதுக்கு மேல எழுதத் தெரியல.

தும்பி

தெரிஞ்சுக்கிட்டேன் சார், நன்றி. ஆனா அன்னைக்கு அது எங்கிருந்து வந்துச்சுன்னு நான் யோசிக்கல. நாலு நாளா யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவ, அதைப் பார்க்கத் தலையைத் தூக்கினேன். அதுக்காகத்தான் எழுதினேன்.

கோடைமழை

எனக்கு மழை வாசம். பதினாலாவது மாடியில குடியிருக்கேன், அங்கே மழை வந்தா கண்ணாடியில சத்தம்தான் வரும், வாசம் வராது.

ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போற பஸ். செம்மண் பாதைக்குத் திரும்பினதும் முதல் தூறல். ஜன்னலோரம் இருந்தவங்க ஒருத்தர்கூட ஜன்னலை மூடல. முன் சீட்டுல இருந்த பெரியவர் மூடியிருந்த ஜன்னலை மேல தள்ளினார். சட்டையெல்லாம் நனையுது. பஸ்ல இருந்த அத்தனை பேரும் ஒண்ணும் பேசாம மூச்சை இழுத்தோம்.

இந்த வாசத்துக்கு 'பெட்ரிகோர்'னு பேர் வச்சவங்க ஐசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ்னு ரெண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், 1964-ல. காய்ஞ்ச மண்ணுலயும் பாறையிலயும் படிஞ்சிருக்கிற எண்ணெய், அதோட மண்ணு நுண்ணுயிரிகள் உண்டாக்குற ஜியோஸ்மின்னு ஒரு பொருள். லட்சம் கோடியில சில பங்கு இருந்தாலே நம்ம மூக்கு பிடிச்சிடுமாம். எவ்வளவு தூரம் போனாலும் நம்மள விடாம இருக்கிறதுக்கு இது போதாதா?

தொழுவத்துக்காரி

எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணு சொல்றேன், யாரும் தப்பா நினைக்காதீங்க. வந்துட்டுப் போறவங்களுக்குத்தான் மழை வாசம். இருபத்திரண்டு வருஷமா விடியக்காலை நாலு மணிக்குப் பால் கறக்கிறவ நான். அந்த வாசம் வந்தா முதல்ல எனக்கு வயிறு கலங்கும். வைக்கோல் மூடியிருக்கா? காயப்போட்டது உள்ள வந்துச்சா? கன்னு எங்க நிக்குது? அப்புறம்தான் மூக்கு. கிராமம் அழகுன்னு எழுதறவங்க அந்தக் கலக்கத்தையும் சேர்த்து எழுதணும்.

ஈரமண் தம்பி எழுதினதை நான் நம்பறேன், ஏன்னா அதுல தூக்கமில்லாத ராத்திரி இருக்கு. உங்க அப்பா நிறுத்தினது சரி. தானா எழுந்திருக்கிற கன்னை எழுந்திருக்க விடணும். ஆனா அதுக்காக ரொம்ப நேரம் காத்திருக்கக் கூடாது. முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பால் வயித்துக்குள்ள போயிடணும். கன்னு பிறக்கும்போது அதுக்கு நோயைத் தாங்குற சக்தி கிடையாது, தாய்கிட்ட இருந்து சீம்பால்லதான் வரணும். நேரம் ஆக ஆக அதை வாங்கிக்கிற சக்தி குடலுக்குக் குறைஞ்சுகிட்டே வரும், ஒருநாள் போனா வாங்கவே வாங்காது. எழுந்திருக்க முடியலைன்னா கறந்து குடிக்க வைங்க.

இப்ப என் கதை. பக்கத்துக் காட்டுக்காரரும் நாங்களும் ஆறு வருஷமாப் பேச்சு கிடையாது. வரப்புத் தகராறு. யார் மேல தப்புன்னு இங்கே எழுத மாட்டேன். போன மாசம் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு ராத்திரி அங்கேயே இருந்தேன். நடுராத்திரி மழை பிடிச்சுது. வைக்கோல் போர் மூடாமக் கிடக்குதுன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. அந்த வருஷத் தீவனமே அதுதான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல நின்னு மழையைப் பார்த்துக்கிட்டே இருந்தேன், வேற என்ன செய்ய முடியும்?

காலையில வந்தேன். போர் மேல தார்ப்பாய் கிடக்கு. என்னோடது இல்லை. நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, காத்துக்குப் பறக்காம இருக்க ஓரமெல்லாம் கல்லு வச்சிருக்கு. அந்தக் கல்லு எனக்குத் தெரியும். எந்த வரப்புக்காகச் சண்டை போட்டோமோ, அந்த வரப்புல அவர் அடுக்கி வச்சிருந்த கல்லு. ஒரு பக்கம் சுண்ணாம்பு அடிச்சிருப்பார், எல்லை தெரியணும்னு. ஒன்பது கல்லு. சேத்துல கால்தடம் அவர் காட்டுல இருந்து வருது, திரும்பிப் போகுது. ஒன்பது தடவை நடந்திருக்கார், அந்த மழையில.

தார்ப்பாயைத் தூக்கி உள்ள கையை விட்டேன். வைக்கோல் சூடா, காய்ஞ்சு இருந்துச்சு. கையை எடுக்க மனசே வரல.

இன்னும் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் ராத்திரியில முழிச்சு இதை எழுதறேன்.

விடிவெள்ளி

அக்கா, நீங்க சொன்னது உறைச்சது. நான் வந்துட்டுப் போறவன்தான். ஆனாலும் எழுதறேன்.

கரண்ட் போன ராத்திரி, என் ஒன்பது வயசு மகன் முற்றத்துல படுத்திருந்தவன், "அப்பா, மேகம் வந்துடுச்சு, உள்ள போலாம்"னு எழுந்தான். மேகம் இல்லை, அது பால்வெளி. வருஷாவருஷம் அவனைக் கூட்டிட்டு வர்றேன். வருஷாவருஷம் வாசல் விளக்கைப் போட்டே வச்சிருந்திருக்கேன். ஒன்பது வருஷம்.

உலகத்துல மூணுல ஒரு பங்கு ஜனங்களால இருக்கிற இடத்துல இருந்து பால்வெளியைப் பார்க்கவே முடியலைன்னு 2016-ல ஒரு ஆய்வு வந்தது. உங்களுக்குத் தெரியுதுன்னா தயவுசெஞ்சு பாருங்க. அமாவாசையை ஒட்டின நாளா எடுத்துக்குங்க. வெளியே வந்த உடனே பார்த்துட்டு "ஒண்ணும் இல்லை"ன்னு திரும்பாதீங்க, கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். நடுவுல ஒரு தடவை செல்போனைத் திறந்தாலும் பழகினது போச்சு, மறுபடி முதல்ல இருந்து. வெளிச்சம் வேணும்னா டார்ச் முகப்புல சிவப்புத் தாள் ஒட்டிக்கோங்க, சிவப்பு அவ்வளவாக் கெடுக்காது. மங்கலானதை நேராப் பார்த்தா மறைஞ்சிடும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தா தெரியும். ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளை வெறும் கண்ணாலயே அப்படிப் பார்க்கலாம், புகைத் திட்டு மாதிரி இருக்கும். அந்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 25 லட்சம் வருஷம் ஆகுது. பிள்ளைங்களைப் பாயில படுக்க வச்சுக் காட்டுங்க, நின்னா கழுத்து வலிச்சு ஓடிடுவாங்க.

வேர்க்கால்

இருட்டுல தரையில பாய் போடச் சொல்லாதீங்க, பாம்பு பூச்சி இருக்கும். கட்டில் போடுங்க. எழுந்து நடக்கிறதுன்னா செருப்பும் டார்ச்சும் கட்டாயம்.

அடைக்கோழி

நேரமில்லை, சுருக்கமா எழுதறேன். கோழி அடைகாத்தா 21 நாள். இருபதாவது நாள் முட்டையைக் காதுல வச்சா உள்ள குஞ்சு கத்துறது கேட்கும், ஓடு உடையறதுக்கு முன்னாடியே. இது உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.

லீவு முடிஞ்சு நான் கிளம்பிக்கிட்டிருந்தேன். பையை மூடற நேரம் அப்பா வந்தார். ரெண்டு கையையும் குவிச்சு, ஒரு முட்டையைக் கொண்டுவந்து என் காதுல வச்சார். "கேக்குதா?"ன்னார். சன்னமா ஒரு கீச். நகத்தால சுரண்டுற மாதிரி இன்னொரு சத்தம். "கேக்குதுப்பா"ன்னுட்டு மணியைப் பார்த்தேன். "என்ன மாதிரி கேக்குது?"ன்னார். "குஞ்சு சத்தம்தான், நேரமாச்சு"ன்னு பையைத் தூக்கிட்டேன்.

பஸ்ல பாதி தூரம் போனப்புறம்தான் உறைச்சது. அப்பாவுக்குக் காது போயி ஒரு வருஷம் ஆகுது. பேசினாக்கூட வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கறார். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. என்கிட்ட அதைக் கேட்டு வாங்கத்தான் வந்திருக்கார். குவிச்ச கைக்குள்ள அந்த முட்டையோட சூடு இன்னும் என் காதுல இருக்கு.

அடுத்த வாரம் போறேன். அங்கே வேற ஒரு கோழி அடையில இருக்கு, நாளை எண்ணித்தான் டிக்கெட் போட்டிருக்கேன்.

ஈரமண்

போங்க. இருபதாவது நாளைத் தவற விடாதீங்க.

தொழுவத்துக்காரி

கல்லைத் திருப்பிக் கொடுத்துட்டேன். கூடையில மூணு மூணாத் தூக்கிட்டுப் போய், எங்க இருந்துச்சோ அங்கேயே, சுண்ணாம்புப் பக்கம் வெளியே தெரியற மாதிரி அடுக்கினேன். கடைசிக் கூடை இறக்கும்போது அவர் மோட்டார் நிறுத்த வந்தார். பார்த்தார். நான் கையில வச்சிருந்த கல்லை வாங்கி அவரே வச்சார்.

"அவருக்கு இப்ப எப்படி?"ன்னார்.

"வீட்டுக்கு வந்துட்டார்"னேன்.

மாடு கத்துச்சு, வந்துட்டேன்.