மொறிஸ் மைனர் 1098: பிசிவி வால்வு (எஞ்சின் அடிப்பெட்டிப் புகையைத் திருப்பி எஞ்சினுக்குள்ளை எரிய விடுற வால்வு) போடலாமோ?

ரப்பெற் கவரிலை (எஞ்சின்ரை பக்க மூடி) இருந்து கீழை இறங்கிற குழாயாலை ஒயில் சொட்டுது, காருக்குள்ளையும் புகை மணம். ஒற்றை எஸ்யூ காபரேற்றர். அந்தக் குழாயை நேரை மனிஃபோல்டிலை (காபரேற்றரிலை இருந்து எஞ்சினுக்குக் கலவை போற குழாய்) குடுத்தால் சரிவருமோ?

பதில் 1: நேரை குடுக்காதையும் தம்பி. ஐடிலிலை (கார் நிண்டபடி எஞ்சின் மெல்ல ஓடேக்கை) வாக்குவம் கூட, ஒயிலையே உறிஞ்சும்; பாக்ஃபயர் அடிச்சால் (கலவை மனிஃபோல்டுக்குள்ளை வெடிச்சால்) நெருப்பு கிராங்கேசுக்கு (எஞ்சின் அடிப்பெட்டி) போகும். இடையிலை நாலு சிலிண்டர் சின்ன எஞ்சினின்ரை வால்வு வேணும். கிராங்கேஸ் பக்கத்தாலை ஊதினால் காத்துப் போகோணும், மற்றப் பக்கத்தாலை போகக்கூடாது. மனிஃபோல்டின்ரை நடுவிலை குடும். ஒரு அந்தத்திலை குடுத்தால் அந்தப் பக்கச் சிலிண்டருகள் லீனாகும் (பெற்றோல் குறைஞ்சு காத்துக் கூடும்). வால்வுக்கு முன்னாலை கம்பிவலை போட்ட ஒயில் செப்பறேற்றர் (ஒயிலைப் பிரிக்கிற டப்பா) ஒண்டு போடும். றொக்கர் கவர் மூடியாலை வடிகட்டின காத்து உள்ளை வரோணும், இல்லாட்டி சீல்களுக்குள்ளாலை தூசி இழுக்கும்.

பதில் 2: தண்ணி ஹோஸ் போடவேண்டாம், ஒயிலுக்கு ஊதிச் சப்பையாகும். பூட்டினாப்பிறகு ஐடில் லீனாகும். காபரேற்றருக்குக் கீழை இருக்கிற ஜெற் நட்டை ஒரு முகம் (ஆறிலை ஒரு சுத்து) கீழை இறக்கிப் பாரும். எஞ்சின் ஓடேக்கை றொக்கர் மூடியைக் கழட்டி அந்த வாயிலை கடதாசி வைச்சால் மெல்ல ஒட்டோணும். கடதாசியைத் தள்ளினால் பிஸ்ரன் றிங் தேய்மானம். அதுக்கு இது மருந்தில்லை, முதல் கொம்பிறெஷன் (சிலிண்டர் அமுக்கம்) பாரும்.

பதில் 3: பிந்தின எஸ்யூ எச்எஸ் வகைக் காபரேற்றரிலை இதுக்கெண்டே ஒரு குழாய் இருக்கு. அது கிடைச்சால் வால்வே தேவையில்லை.