கமராவைக் கண்டதும் சூழ்ந்துகொள்ளும் மாடுகள்: வயலில் என்ன செய்வது?

வரம்போரம் எழுதியது:

பெரும்போக அறுவடை முடிந்த தம்பலகாமத்து வயல்களை விடியற்காலை ஒளியில் படம் பிடிக்கவென்று, சென்ற வாரம் திருகோணமலை நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போயிருந்தேன். வரம்பில் முழந்தாளிட்டு, அரிதாளின் மேல் படிந்திருந்த பனியைக் கமராவில் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விடுவது போலக் கேட்டது. திரும்பினால் எட்டோ ஒன்பதோ மாடுகள் அரைவட்டமாக நின்றுகொண்டிருந்தன. அவற்றுள் கறுப்பு வெள்ளையான ஒன்று கமராப் பையின் தோள்பட்டியை வாய்க்குள் இழுத்துக்கொண்டது. இன்னொன்று என் முழங்கையை, அரத்தால் தேய்ப்பது போல, நக்கியது. நான் பதறி எழுந்து வேகமாக நடக்க, அவை வாய்க்கால் வரை பின்னால் ஓடி வந்தன. சற்றுத் துணிவு வந்து, படம் எடுக்கலாம் என்று நானே அவற்றை நோக்கிப் போனபோதோ எல்லாம் விலகி ஓடிவிட்டன.

இது வெறும் ஆர்வமா, அல்லது முட்ட வந்தனவா? மூக்கு மட்டும் பூசணிக்காய் போல விழாமல் ஒரு நல்ல படம் எடுப்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பட்டியடி எழுதியது:

தம்பி, உங்களைச் சூழ்ந்தவை பெரும்பாலும் நாகுகளாக, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் பசுக்களாக இருந்திருக்கும். பட்டியில் புதினம் பார்க்க முதலில் வருபவை அவைதான். நாலைந்து பசு வைத்திருக்கும் வீடுகளில் கன்றிலிருந்தே தவிடும் பிண்ணாக்கும் கையால் கொடுத்து வளர்ப்பதால், பையோடு வரும் எவரும் தீனி கொண்டு வருகிறார் என்றே அவை எண்ணும். தோள்பட்டியில் ஊறியிருந்த உங்கள் வியர்வையின் உப்பும் அவற்றுக்குத் தின்பண்டந்தான். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. புல்லை நாக்கால் சுற்றி இழுத்தே மேய்வதால் அந்த நாக்கு அவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது.

முட்ட வருவதையும் முகர வருவதையும் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். முகர வருகிற மாடு கழுத்தை நீட்டி, மூக்கை முன்னால் தந்து, காதுகளை உங்கள் பக்கம் திருப்பி, இரண்டடி வைத்து ஒருமுறை நின்று நின்று வரும். முட்ட நினைக்கிற மாடு தாடையை உள்ளே மடக்கி நெற்றியைக் காட்டும். சீறும், முன்காலால் மண்ணைக் கிளறும். உங்களைப் பின்தொடர்ந்து ஓடி வந்ததற்குக் காரணம் நீங்கள் வேகமாக விலகியதுதான். இளங்கன்று போல ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும், அவ்வளவே. அடுத்த முறை நின்று, அவற்றின் பக்கம் முகத்தைத் திருப்பி, இரு கைகளையும் மெதுவாக விரித்தால் போதும்.

நிழலும்ஒளியும் எழுதியது:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். படத்தைப் பற்றி மட்டும் என் பங்கு.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அது ஏறத்தாழ 330 பாகை வரை தன்னைச் சுற்றிப் பார்க்கிறது. நேர் பின்புறம் மட்டுமே அதற்குத் தெரியாது. இரு கண்களும் சேர்ந்து தூரத்தை மதிப்பிடக்கூடிய பரப்போ முன்னால் மிகக் குறுகியது. நேராக நடந்துபோகிற மனிதனை அது பின்தொடர்ந்து வேட்டையாடும் விலங்காகவே எடுத்துக்கொள்வதால் விலகுகிறது. நீங்கள் குந்தியிருந்தபோது உயரம் குறைந்து, அசைவும் நின்றுபோனதால் அருகே வந்தது. ஆகவே துரத்தாதீர்கள். அவை போகும் திசையை ஊகித்து முன்கூட்டியே பக்கவாட்டாகப் போய் வரம்பில் அமர்ந்துவிடுங்கள், பத்து நிமிடங்களுக்குள் தாமாகவே வரும்.

மூக்குப் பூசணிக்காய் ஆவதற்கு மாடு காரணமல்ல; அகலக்கோண வில்லையை (லென்ஸை) அருகே வைப்பதுதான் காரணம். 24 மில்லிமீற்றர் வில்லையைப் பையில் வைத்துவிட்டு 85 அல்லது 135 மில்லிமீற்றர் வில்லையுடன் ஐந்தாறு மீற்றர் தள்ளி இருங்கள். நேர்மாறாக, மூக்கையே படமாக்க விரும்பினால் அதையும் முழுமனதோடு செய்யலாம். ஈரமூக்கின் மேடு பள்ளங்கள் நம் விரல் ரேகை போல ஒவ்வொரு மாட்டுக்கும் வேறானவை. விடியற்காலைச் சாய்ந்த வெயிலில் அவை துல்லியமாக விழும். பிளாஷ் மட்டும் வேண்டாம். கண் பச்சையாக ஒளிர்ந்து படம் கெடும், மாடும் மிரளும்.

குளக்கட்டு எழுதியது:

எல்லாரும் அன்பாகவே எழுதியிருக்கிறீர்கள், எனவே நான் சற்றுக் கசப்பாக எழுத வேண்டியுள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கந்தளாய்ப் பக்கம், வைக்கோற் போருக்கு அருகே படுத்திருந்த ஒரு கன்றை மிக அழகாக இருக்கிறதே என்று நெருங்கினேன். தாய்ப் பசு இருபது அடிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. சீறலும் இல்லை, மண் கிளறலும் இல்லை. பட்டியடி அண்ணா சொன்ன அடையாளம் எதையும் காட்டாமல் நேராக வந்து விலாவில் தள்ளியது. எலும்பு முறியவில்லை, ஆனால் மூன்று வாரம் இடப்பக்கம் படுக்க முடியவில்லை. நாகுகள் வேறு, கன்று ஈன்ற பசு வேறு, நாம்பன், அதாவது காளை, கலந்த பட்டி முற்றிலும் வேறு. நாயைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். மாடு நாயைத் துரத்தும், நாய் உங்களிடம் ஓடிவரும். அமரும் முன் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள், திறந்த படலையை மூடிவிட்டு வாருங்கள், பட்டிக்காரர் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வரம்போரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் காலை மறுபடியும் அதே வரம்புக்குப் போனேன். பட்டிக்கார அம்மாவிடம் முதலில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்தக் கறுப்பு வெள்ளைக்காரி பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையையும் விடுவதில்லை என்றார். பையை மோட்டார் சைக்கிளிலேயே பூட்டி வைத்துவிட்டு 85 மில்லிமீற்றருடன் குந்தியிருந்தேன். நாலாவது நிமிடத்திலேயே வந்துவிட்டாள். முதுகில் ஓர் உண்ணிக்கொக்கு, மூக்கிலிருந்து புகை போல மூச்சு, பின்னால் மங்கலாகப் பனைவரிசை. அந்த ஒரு படம் போதும். அடுத்த கணம் வில்லையையே நக்கிவிட்டாள். அம்மா அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டிருக்கிறார். எச்சிலை எப்படித் துடைப்பது?

நிழலும்ஒளியும் எழுதியது:

காய்ந்தபின் துணியால் தேய்த்துவிடாதீர்கள். எச்சிலோடு மணலும் ஒட்டியிருக்கும், கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி, வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, பிறகு வில்லைத் துப்புரவுத் திரவத்தால் நடுவிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். அடுத்த முறை முன்னால் ஒரு காப்பு வடிகட்டியைப் பூட்டிக்கொண்டு போங்கள்.