பாயில் கற்றது அடுப்படிக்கு வருமா?

பொருநை:
ஆறு வருஷமாக விடிகாலையில் யோகா செய்கிறேன். முதுகுவலிக்காகத்தான் போனேன். அதில் என்ன கற்றேன் என்பது போன வருஷம்தான் புரிந்தது. மாமியாருக்கு ஞாபகம் தவறுகிறது. பத்து வருஷத்துக்கு முன் இறந்துபோன மாமாவை, "அவர் சாப்பிட்டாரா?" என்று அரை மணிக்கொரு தரம் கேட்பார். "அவர்தான் போய்ட்டாரே" என்று எரிச்சலில் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டதுபோல் அழுவார். ஒருநாள் பதில் சொல்லும் முன் மூச்சு தானாக நீண்டு வெளியே போனது. காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தில் கால் விரல் எட்டாதபோது எங்கள் ஆசிரியை சொல்வது அதுதான்: இழுக்காதே, மூச்சை விடு. அன்று "சாப்பிட்டார் அத்தை, நீங்க சாப்பிடுங்க" என்றேன். யோகா இல்லாமல் அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்திருக்காது.

கரிசல்:
உங்கள் பொறுமையை மதிக்கிறேன். அதற்கான பெருமையை யோகாவுக்குக் கொடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. என் அம்மா பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போனவர். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பத்தாவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டார். துணி அலசுவது, புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் அவர்தான். ஒரு ஆசனமும் தெரியாது. அவருக்கு அந்த நொடியைக் கொடுத்தது யார்? நானும் யோகா வகுப்புக்குப் போனேன். பத்மாசனம் வந்தே ஆகவேண்டும் என்று ஆசிரியர் காலை அழுத்தினார். முழங்கால் வீங்கி ஒரு மாதம் நொண்டினேன்.

ஆழியாறு:
இடையில் ஒன்று சொல்கிறேன். வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரி நெசவாளர் வீட்டுப் பிள்ளை, குடும்பஸ்தர். மனவளக்கலை என்ற தன் யோகப் பயிற்சியைக் குடும்பத்தில் இருப்பவர்களுக்காகவே வகுத்தார். உடற்பயிற்சி, தவத்தோடு, தன்னைத் தானே ஆராய்ந்து பார்க்கும் அகத்தாய்வும் அதில் உண்டு. சினம் தவிர்த்தல் பாடத்தில் யார் யார் மேல் கோபம் என்று எழுதச் சொன்னார்கள். என் பட்டியலில் முதல் ஆள் தம்பி. வரப்புத் தகராறில் மூன்று வருஷம் பேச்சில்லை. எழுதிப் பார்த்தால், அவன் செய்தது இரண்டு வரியில் முடிந்தது. நான் அவனைப் பேசிய பேச்சு ஒரு பக்கத்தைத் தாண்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் வீட்டுக்குப் போனேன்.

கரிசல்:
அப்படியானால் தம்பி வீட்டுக்கு உங்களைக் கூட்டிப்போனது நோட்டில் எழுதிய கணக்கு. ஆசனம் அல்ல.

பொருநை:
ஆசனம் மட்டும்தான் யோகா என்று நான் சொல்லவே இல்லையே. யோக நூல் எழுதிய பதஞ்சலியின் ஏறக்குறைய 195 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றியவை 3தான். அதிலும் முதலாவது, இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்கிறது. உங்கள் காலை அழுத்தியவர் அந்தச் சுகத்தை மறந்துவிட்டார். அது பெரிய தவறு. திருமூலர் யோகத்தின் எட்டு உறுப்புகளில் முதலாவதான இயமத்தை, அதாவது ஒழுக்கத்தைச் சொல்லும்போது, கொல்லாதவன், பொய் சொல்லாதவன், களவு இல்லாதவன் என்பதோடு 'பகுந்துண்பான்' என்பதையும் சேர்க்கிறார். இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுகிறவன். யோகாவை அடுப்படியில் இருந்து பிரித்தது நாம்தான். உங்கள் அம்மாவும் ஒரு யோகி என்றே நினைக்கிறேன்.

கரிசல்:
இந்த இடத்தில்தான் எனக்கு வலிக்கிறது. என் அம்மா செய்ததற்குப் பெயர் யோகா இல்லை. வேறு ஆள் இல்லாததால் அவர் தலையில் விழுந்த வேலை. நல்லது எதைக் கண்டாலும் "இதுவும் யோகாதான்" என்று சேர்த்துக்கொண்டால் அவர் பட்ட பாடு காணாமல் போய்விடும். அப்பத்தாவை எடுத்த அன்று ராத்திரி அம்மா அழவில்லை. படுத்தவர் மறுநாள் மதியம்தான் எழுந்தார். ஒன்பது வருஷத் தூக்கம் அது. அப்புறம், இயமம்தான் முதல் உறுப்பு என்றால், நான் போன வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, ஏன்? சரி, இன்னொன்று கேட்கிறேன். இந்த ஆறு வருஷத்துக்குப் பிறகு உங்களுக்குக் கோபம் வருகிறதா?

பொருநை:
அம்மாவைப் பற்றி அப்படிச் சொன்னது என் தவறு. மன்னியுங்கள். கோபம் வருகிறது. போன செவ்வாய்க்கிழமைகூட அத்தையிடம் கத்திவிட்டேன். முன்பெல்லாம் கத்தினால் சாயங்காலம் வரை அவர் அறைப் பக்கம் போகமாட்டேன். செவ்வாய்க்கிழமை, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷத்தில் குறைந்தது அந்த நேரம்தான். வகுப்பைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். என் ஆசிரியையிடமும் கேட்கப்போகிறேன்.

கரிசல்:
அந்த நேரம் குறைந்ததை நம்புகிறேன். குறைத்தது மூச்சா, அத்தையோடு தினமும் இருந்து பழகியதா என்பதில் நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை. இன்று அம்மாவிடமே கேட்டேன், அப்பத்தா மேல் கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று. "கொல்லைக்குப் போய் ரெண்டு குடம் தண்ணி இறைச்சிட்டு வருவேன்" என்றார்.